தென்கிழக்கு மூலை

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.
கையெழுத்தைத்தான் தெரியும்:
காற்றுக்கு முதுகு காட்டி நடப்பவனைப் போல
முன்னால் சாய்ந்த எழுத்து.
வாஷிங்டனில், ராணுவப் பொறியாளர் தலைமையகத்தில்
மாடிப்படிக்குக் கீழே என் மேசை.
வருகிற கடிதங்களைப் பேரேட்டில் படியெடுப்பது பிழைப்பு.
முப்பது ஆண்டு
அப்னர் லாத்ரப் என் மைக்கூட்டுக்குள் வாழ்ந்தார்.
நான் கடலைப் பார்த்ததில்லை.

முதல் கடிதம், முப்பத்திரண்டாம் ஆண்டு:
"வளைகுடாவில் எனக்கு ஒதுக்கிய தீவு
புயல் நாளில் தீவாக இல்லை.
தயவுசெய்து அறிவுரை கூறவும்."
அப்போது லெப்டினன்ட். வயது இருபத்து நான்கு.
"கோட்டையைத் தொடங்கவும்" என்று பதில் போயிற்று.

பிறகு செங்கல்.
மொபீலிலிருந்து வந்ததில் பாதி வேகாதது,
வெந்ததில் பாதி படகோடு முழுகியது.
செங்கல், மறுபடி செங்கல்.
மெய்ன் மாநிலத்துச் சுண்ணாம்பு
பீப்பாய்க்குள்ளேயே கல்லாகி வந்து சேர்ந்தது.
எட்டடி கனச் சுவர். ஐந்து முகம்.
எந்தக் கப்பல் வந்து அடிக்கப்போகிறதோ,
அந்தக் கப்பலை இன்னும் எவனும் கட்டவில்லை.

மாதாமாதம் கூலிப் பட்டியலும் வரும்.
"இஷாம், கொத்தனார், இருபத்தாறு நாள்."
அடுத்த கட்டத்தில், "பெறுபவர்: திருமதி பெட்வே."
வேலை செய்தவன் ஒரு பக்கம்,
காசு வாங்கியவள் மறு பக்கம்.
நடுவில் கோடு போட்டவன் நான்,
அளவுகோல் வைத்து, பிசகாமல்.

முப்பத்தொன்பது ஆகஸ்டில் மஞ்சள் காய்ச்சல்.
"பதினோரு பேரைப் புதைத்தோம். மழைநீர்த் தொட்டி வறண்டது.
தென்கிழக்கு மூலையில் காரையைக்
கடல்நீரில் குழைக்கிறோம்.
வேண்டாமென்றான் இஷாம்.
தலைமையகம் தேதி கேட்கிறது."
அடுத்த வாரம் இன்னொரு கடிதம்:
"சுவர் திடம்."
இரண்டையும் படியெடுத்தேன்.
இரண்டையும் சேர்த்துப் படிக்க
அந்தக் கட்டடத்தில் யாருக்கும் வேலையில்லை.

ஒருமுறை விடுப்புக் கேட்டார்.
வெர்மான்டில் மகளை அடக்கம் செய்ய வேண்டும்.
"உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்."
அந்த வாக்கியமும் என் கையெழுத்துதான்.

காப்டன் ஆகப் பதினான்கு ஆண்டு.
பீரங்கி அதுவரை முழங்கியது ஒரே தடவை,
ஜனாதிபதி ஒருவர் இறந்ததற்கு.
பெலிக்கன்கள் மூன்று நாள் திரும்பவில்லை
என்று அதையும் அறிக்கையில் சேர்த்திருந்தார்.

அறுபத்தொன்றில் தென்மாநிலத்தார் கோட்டையைப் பிடித்தார்கள்.
பயணப் படகில் வந்து இறங்கினார்கள்.
காவலுக்கு இருந்த ஒற்றைச் சார்ஜென்ட்
சாவியைக் கொடுத்து
ரசீது வாங்கிக்கொண்டான்.

மறு வருடம் அவர் மேஜர்.
எதிர்த் தீவின் மணலில், ஒன்றேகால் மைல் தள்ளி,
புதுவகைப் பீரங்கிகளோடு.
உத்தரவை நான்தான் எழுதினேன்: உடைக்கவும்.
"எங்கே அடிப்பதென்று அறிவேன்" என்று பதில் வந்தது.
எனக்கும் தெரியும்.
பேரேட்டில் பக்கம் இருநூற்றுப் பதினேழு.

நான்கு நாள் கழித்து:
"நேற்றிரவு இஷாம் மூன்று பேரோடு
தோணியில் வந்து சேர்ந்தார்.
நான் குறித்த இடம் தவறு என்கிறார்.
உப்புக் காரை அங்கிருந்து ஆறடி இடப்பக்கமாம்.
மாற்றிக்கொண்டேன்."

இரண்டாம் நாள் மதியம் சுவர் விழுந்தது.
எப்படி விழுந்தது, என்ன ஓசை, அவர் எங்கே நின்றார்,
ஒரு வரி இல்லை.
"பழுதுபார்க்க எட்டு லட்சம் செங்கல் தேவை.
ஆனால் செங்கல் இனி எதற்கும் ஆகாது.
மண்மேடு போதும்."
கடைசிச் சொல்லில் மை கொட்டியிருந்தது.
படியில் மைக்கறையைச் சேர்ப்பது வழக்கமில்லை.

மாதக் கடைசியில் கூலிப் பட்டியல்.
"இஷாம், கொத்தனார், ஒன்பது நாள்.
பெறுபவர்: இஷாம்."
தவறென்று நினைத்து
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
சாய்ந்த எழுத்து. அவருடையதுதான்.
பேரேட்டில் இறக்கினேன்.
அளவுகோல் கையில் இருந்தது.
கோடு போடவில்லை.
மை காய்ந்துவிட்டது, பேனாவை மறுபடி தொட்டேன்,
அதுவும் காய்ந்தது.